ஒரு கையெழுத்து குறைகிறது

இருபத்தெட்டு வருடம் பேருந்து நடத்துநராக நின்றே காலம் தள்ளிய மனிதரை, இனி வீட்டில் உட்காரய்யா என்று சொன்னால் எப்படி உட்காருவார்? உட்காரவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே பூங்காவுக்குப் போனார். காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது சுற்று. யாராவது பேச்சுக் கொடுத்தால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று கேட்பார். முடிவதற்குள் "ரைட், ரைட்" என்று கிளம்பிவிடுவார். தெருவில் அவருக்கு ரைட் சார் என்றே பெயராகிவிட்டது.

அந்த நடைபாதையில்தான் நகராட்சி கைவைத்தது. பூங்காவின் வளைவில் செல்போன் கோபுரம் வரப்போகிறதாம். அதைச் சுற்றி வேலி போட்டால் பாதை பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ரைட் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சுத்துறதுக்கு வழியில்லைன்னா நான் எங்கம்மா போவேன்?" என்று மனைவியிடம் புலம்பினார்.

அந்த அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. கணவன்மார்களின் வழக்கப்படி ரைட் சார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகென்ன, பழைய தோல் பையை மாட்டிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். வாக்காளர் பட்டியலில் தெருவுக்கு நூற்று நாற்பத்தெட்டு பேர். வண்டியில் ஏறிய ஒருவரும் டிக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். கதவைத் தட்டி, "இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்பார். சிலர் கதிர்வீச்சுக்குப் பயந்து போட்டார்கள். சிலர் குருவிகளுக்காகப் போட்டார்கள். பல் டாக்டர், இந்த மனிதர் வாசலைவிட்டு நகர்ந்தால் போதும் என்று போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பூங்காவிலேயே கூட்டம். நகராட்சி அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ரைட் சாருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிக்னல் வேணாம்னு சொல்லலைங்க. வேற இடத்துல வைங்க" என்றார் தையல்கடைக்காரர்.

"எங்கே வைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"பல் டாக்டர் மாடி காலியாத்தானே கிடக்கு?"

"ஏன், உங்க கடை மேல வைக்கிறது!" என்று டாக்டர் எகிறினார்.

ஆளாளுக்கு அடுத்தவர் தலையில் கோபுரத்தைத் தூக்கி வைக்கப் பார்த்தார்கள். ரைட் சார் மேசையை இரண்டு தட்டு தட்டினார். அந்தக் காலத்தில் பேருந்துக் கம்பியைத் தட்டுவாரே, அதே தட்டு. கூட்டம் அடங்கியது.

"தெருவுல நூத்தி நாப்பத்தெட்டு பேர். அத்தனை பேரும் வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரு தலை விடலை. எண்ணிப் பாருங்க."

அதிகாரி எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார்.

"நூத்தி நாப்பத்தேழுதான் இருக்கு."

"இருக்கவே இருக்காது!" ரைட் சாருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் எண்ணிக்கை தப்பியதில்லை. தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கி, வீடு வீடாக விரலை ஓட்டினார். பதினேழாம் எண்ணில் விரல் நின்றது. அது அவர் வீடு. அங்கே ஒரே ஒரு கையெழுத்துதான், அவருடையது.

வண்டியில் வீட்டு ஆள் ஏறினால் எந்த நடத்துநர் போய் டிக்கெட் கேட்பார்? கேட்கிற பழக்கமே இல்லை. அப்படித்தான் விட்டுப்போயிருந்தது. "நம்ம ஆளுதாங்க" என்று சிரித்துக்கொண்டே மனைவி உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போய்ப் பேனாவை நீட்டினார்.

மனைவி பேனாவை வாங்கவில்லை.

"நான் போடலைங்க."

"என்னம்மா விளையாடுறே, எல்லாரும் பாக்குறாங்க."

"போன மாசம் ஒரு சாயங்காலம் வந்தப்ப, ஏன் தரையில உக்காந்திருக்கேன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? காத்தாடுதுன்னு சொன்னேன். பொய். நெஞ்சு வலிங்க. எழுந்திரிக்க முடியலை. போன் மட்டும் கையில இருந்துச்சு. அடிச்சு அடிச்சுப் பாத்தேன். நீங்க எல்லைக்கு வெளியே இருக்கீங்கன்னு ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க நம்ம வீட்டுக்குப் பின்னாடி, இங்கதான் சுத்திக்கிட்டு இருந்தீங்க."

"டாக்டர்கிட்ட..."

"மறுநாளே போனேன். மாத்திரை சாப்பிடுறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நடையை விட்டுட்டு வீட்டுல உக்காந்துடுவீங்க. உக்காந்தா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க."

"எத்தனை தடவை அடிச்சே?"

"எண்ணலைங்க. எண்ணுறதெல்லாம் உங்க வேலை."

ரைட் சார் மேசைக்குத் திரும்பினார். இருபதடி தூரம்தான், அவர் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. பதினேழாம் எண்ணுக்கு எதிரே இருந்த தன் கையெழுத்தை அடித்தார்.

"நூத்தி நாப்பத்தாறுன்னு எழுதிக்குங்க."

"யோவ், ஆரம்பிச்சவரே காலை வாரிட்டாரே!" என்று தையல்கடைக்காரர் கத்தினார். அதிகாரி முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். தெருவில் பாதிப் பேர் ரைட் சாரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கோபுரம் வருமா, வராதா, இன்றுவரை தெரியவில்லை. ரைட் சார் இப்போது பூங்காவுக்குப் போவதில்லை. அதற்காக அவர் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்றுதான் அர்த்தம். வாசலிலிருந்து பின்கட்டு வரை, வீட்டை ஒட்டிய சந்தில் போவதும் வருவதுமாக இருக்கிறார். பூங்காவின் ஒரு சுற்றுக்கு இங்கே பதினெட்டு தடவை நடக்க வேண்டும், அதையும் எண்ணி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சமையலறை ஜன்னல் வந்ததும் கம்பியில் இரண்டு தட்டு தட்டுகிறார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன், போங்க."

"ரைட்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.