கப்பலில் ஒருவருக்குத்தான் இடம்

என் தம்பி மனைவி எனக்கு முதலில் தோழி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஊரிலிருந்து வந்த புதிதில் ஹிந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் மதியம் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் பாட்டிலை நீட்டினேன். அப்படித்தான் பழக்கம். இரண்டு வருடம் கழித்து நானே அவளை என் தம்பிக்குப் பேசி முடித்தேன். அதற்குப் பிறகு என்னை ‘மைனி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மற்றபடி எதுவும் மாறவில்லை. மதியச் சாப்பாடு ஒரே டப்பாவில்தான்.

அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் கேப்டன் வந்தார். மாட்டுங்காக்காரர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து, பழைய காலத்துப் பாய்மரக் கப்பல் ஒன்றை அச்சு அசலாக மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். கொங்கண் கரையில் கட்டிய கப்பலை மும்பைக்கு இழுத்து வந்து மூன்று பாய்மரங்களையும் நிறுத்தியாகிவிட்டது. பாய்களைத் தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. மிஷின் தையல் கூடாதாம். அந்தக் காலத்தில் தைத்த மாதிரியே கையால் தைக்க வேண்டுமாம். தடித்த தோலைக் கையால் தைக்கிறவர்கள் யார் என்று கேட்டார். முதலாளி, பைக் கைப்பிடிகளைக் கையால் தைக்கும் எங்கள் இருவரையும் காட்டினார்.

செம்பூரில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனி ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை முழுக்கக் கான்வாஸ். முப்பட்டை ஊசி, தேன்மெழுகு தேய்த்த நூல், ஊசியைத் தள்ள உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தோல் பட்டை. பாயின் ஓரம் முழுக்கத் தடித்த கயிற்றை வைத்துத் தைக்க வேண்டும். கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தையல். முதல் மாதம் எனக்கு விரலை மடக்கிச் சோறு பிசைய முடியவில்லை. ஆனால் கப்பல் நின்ற யார்டுக்குப் போய் முதல் பாயை மரத்தில் கட்டிப் பார்த்த அன்று, காற்று வந்து அது வயிறு புடைத்து நின்றபோது, நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று இப்போதும் தெரியவில்லை.

அன்றுதான் கேப்டன் சொன்னார்:

“கொச்சி வரைக்கும் முதல் பயணம். நீங்க ரெண்டு பேரும் வந்தாகணும். நடுக்கடல்ல பாய் கிழிஞ்சா தாதர்லேர்ந்தா டெய்லரைக் கூப்பிடுவேன்?”

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஊருக்கு ரயிலில் போனதைத் தவிர எங்கேயும் போனதில்லை. என் வீட்டுக்காரர் சான்பாடாவில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “போயிட்டு வாயேன். எனக்குச் சோறு பொங்கத் தெரியாதா?” என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

கப்பலில் வருகிறவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று, செம்பூரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். அவள் முதல் நாளே இறங்கிவிட்டாள். நான் மூன்று நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“என்ன மைனி, தண்ணிக்கு இப்பிடிப் பயப்படுதிய?”

வேறு யாரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன். சின்ன வயதில் எனக்கு வலிப்பு வரும். கடைசியாக வந்தது பத்தொன்பது வயதில். அதற்குப் பிறகு வரவே இல்லை. கல்யாணத்தின்போது என் அம்மா அதை மறைத்துவிட்டாள். நானும் இருபத்தாறு வருடமாக வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. என் தம்பி அப்போது சின்னவன், அவனுக்கும் தெரியாது.

அவள் தண்ணீரில் நடந்து படிக்கட்டுக்கு வந்தாள். பிறகு, “இறங்குங்க மைனி. நான் ஒங்க முதுகப் பிடிச்சுக்கிடுதேன். எது வந்தாலும் நான் இருக்கேம்லா” என்றாள். அவள் கை மேல்தான் நான் மிதக்கக் கற்றுக்கொண்டேன்.

பிறகு உடல்நிலை பற்றி ஒரு ஃபாரம் வந்தது, இங்கிலீஷில். அவள் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால் இருவருடையதையும் அவளே நிரப்பினாள். வலிப்பு உண்டா என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ‘நோ’ என்று எழுதினாள்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, கல்யாணில் என் வீட்டுக்காரரின் சித்தி இறந்துபோனார். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு மூன்றாம் நாள் ஷெட்டுக்கு வந்தேன். கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் முகம் சரியாக இல்லை.

“ஏம்மா, இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட சொல்லலையே? கடல் நடுவுல ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“எதச் சொல்லுதிய சார்?”

“ஃபிட்ஸ். ஒங்க தம்பி சம்சாரம்தான் சொன்னா. நல்லவேளை சொன்னா.”

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். கப்பலில் படுக்கை குறைந்துவிட்டதாம், தையலுக்கு ஒரு ஆளைத்தான் ஏற்றமுடியுமாம். நான் ஊரில் இல்லாததால் யார் வருவது என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அனுபவம் அதிகம் என்று என் பெயரைத்தான் அவர் முதலில் சொன்னாராம். அப்போதுதான் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்.

ஒருவருக்குத்தான் இடம் என்று தெரிந்த பிறகு சொல்லியிருக்கிறாள். இருவருக்கும் இடம் இருந்தவரை அந்த வலிப்பு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அதோடு முடியவில்லை. என் உடம்பைப் பற்றி விசாரிக்கலாம் என்று கேப்டன் நல்ல எண்ணத்தில் நான் வருமுன்பே காலையில் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருந்தார். அன்று நான் வீட்டுக்குப் போனபோது அவர் சீருடையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நெசமா?”

“ஆமா.”

“இருவத்தாறு வருசம். ஒரு நாளுகூட ஒனக்குச் சொல்லத் தோணலியா?”

அவர் பையை எடுத்துக்கொண்டு டபுள் ட்யூட்டி என்று கிளம்பினார். நாலு நாள் சான்பாடாவிலேயே இருந்துவிட்டார். அந்த நாலு நாளும் அவள் மேல் இருந்த கோபம் எது, என் மேலேயே எனக்கு இருந்த கோபம் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுமரத்தின் பெரிய பாய் பாக்கி இருந்தது. போனேன். அதன் ஓரக் கயிற்றை இரண்டு முனையிலிருந்தும் தைத்து வர வேண்டும். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். பத்து நாள் ஒரு வார்த்தை பேசாமல் தைத்தோம். மதியம் அவள் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நான் எழுந்து வெளியே போய் வடா பாவ் வாங்கித் தின்றேன். ஒரு தையலை மட்டும் இறுக்காமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நாள் தோன்றியது. உடனே அந்தப் பாயை நம்பி மேலே ஏறப்போகிற கப்பல் பையன்களின் முகம் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் இரண்டு தடவை நூலை ஓட்டினேன். கடைசி நாள் எங்கள் ஊசிகள் ஒரு முழ தூரத்துக்கு வந்தன. மிச்சத்தை அவளே முடிக்கட்டும் என்று எழுந்துவிட்டேன்.

“மைனி, ஒங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றாள், நான் செருப்பு மாட்டும்போது.

“என் நல்லத நான் பாத்துக்கிடுவேன்” என்று மட்டும் சொன்னேன்.

கப்பல் கிளம்பிய அன்று நான் பை பட்டறைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் தம்பி வந்தான். பாவம், அவன்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கினான். “அக்கா, கோவப்படாம இதப் பாரு” என்று செல்போனில் வீடியோவைப் போட்டு நீட்டினான். பெரிய பாய் மெல்ல அவிழ்ந்து இறங்கியது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். கப்பல் தளத்தில் அவளைத் தேடக்கூடாது என்று நினைத்தும் தேடினேன். பெரிய ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு, கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் போட வேண்டிய ஜாக்கெட். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். கன்னமெல்லாம் வெயிலில் கறுத்து, கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு நின்றாள். வாசலிலேயே நிற்கட்டும் என்று விட்டேன்.

“போற வழியெல்லாம் வாந்தி மைனி. நாலு நாளு எந்திரிக்கவே முடியல. ஒங்களத்தான் நெனச்சேன்.”

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்குதேன், கோவப்படாதிய. கேப்டன் ஒங்ககிட்ட அப்பிடிக் கேட்டிருந்தா, நீங்க என்னைய விட்டுட்டுப் போயிருக்க மாட்டியளா?”

“போயிருப்பேன்” என்றேன். அதுதான் உண்மை. “போயிருப்பேண்டி. போயிட்டு வந்து ஒன் கால்ல விழுந்திருப்பேன். ஆனா நீ என்னைய நம்பிச் சொன்னத எடுத்து வித்துட்டுப் போயிருக்க மாட்டேன்.”

அவள் அழுதாள். என்னால் அவளைத் தொட முடியவில்லை. பொட்டலத்தை வாசலோரத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் மூன்று சந்து தள்ளித்தான் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் பார்த்தால் ‘மைனி’ என்பாள், நானும் ‘ம்’ என்பேன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்புகிறேன். ஆனால் ஒரு டப்பாவில் சாப்பிடுவது போய்விட்டது. என்னைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்வதும் இல்லை.

அவள் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து அந்த வறுவலைப் பிரித்துத் தின்றார். நாலு நாள் கழித்து சான்பாடாவிலிருந்து திரும்பியதிலிருந்து, உப்பு இருக்கிறதா, பால் வந்ததா என்பதைத் தவிர அவர் என்னிடம் பேசியதில்லை. ஒரு கை வறுவலை என் பக்கம் நீட்டிக்கொண்டே கேட்டார்:

“ஏளா, அது திடீர்னு வந்தா நான் என்ன செய்யணும்? சாவியக் கையில குடுக்கணுமா?”

“அதெல்லாம் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும். வாயில ஒண்ணும் வைக்கப்படாது.”

“எந்தப் பக்கமா?”

“இடது பக்கமா.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, கட்டிலையும், நான் படுக்கும் பக்கத்துச் சுவரையும் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் போட்டார்.