கிளாஸில் தங்கிய வாசனை

ஹோட்டல் பாரில் பதினெட்டு வருஷமாகக் கிளாஸ் கழுவுகிறவளுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பேர் மூக்கம்மா. துடைத்த கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூக்கருகே ஒரு தடவை கொண்டுபோனால்தான் அவளுக்கு மனசு ஆறும். மதுவை ஒரு சொட்டுகூட வாயில் வைத்தறியாதவள். ஆனால் எச்சில் கிளாஸ் தொட்டிக்கு வந்ததுமே அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட்டை ஏழு தடவை அவளிடம் மாட்டிக்கொண்டு விடவேண்டியதாயிற்று. மோப்ப நாயைக் கட்டிக்கொண்டேன் என்று டிப்போவில் புலம்புவார். புலம்பலில் பாதி பெருமைதான்.

அன்று மாலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேர் ஜப்பான் விஸ்கி ருசிக்க வருவதாக ஏற்பாடு. வேறு வேறு பீப்பாய்களில் ஊறியதைக் கலந்து செய்த விஸ்கி. ஐந்தரைக்குத் தலைமை பார்மேன் புது அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து, கொஞ்சம் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ நெடி என்று முகத்தைச் சுளித்தார். இரண்டாவது பாட்டிலைத் திறந்தார். அதிலும் அதே நெடி.

இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி கெட்டுப்போகாது, ஆகவே கோளாறு கிளாஸில்தான் என்றார் மேனேஜர். அதுவரை சரி. சோப்பு சரியாக அலசவில்லை, வயதாகிவிட்டது, நாளையிலிருந்து மூக்கம்மா தட்டு கழுவுகிற பக்கம் போகட்டும் என்று அதோடு சேர்த்துச் சொன்னதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. தட்டை யாரும் முகர்ந்து பார்க்கப்போவதில்லை.

அலமாரியிலிருந்து இன்னொரு கிளாஸை எடுத்து முகர்ந்தாள். பிறகு அலமாரிக்குள்ளேயே தலையை விட்டாள்.

"சோப்பு இல்ல சார், வார்னிஷ். கவுத்து வச்சிருக்கீங்க. பலகையோட நெடியெல்லாம் உள்ளயே அடைஞ்சு கெடக்கு."

தூசி விழக்கூடாதென்று கவிழ்த்து அடுக்கியது பார்மேன்தான். அவர் தரையைப் பார்த்தார். மேனேஜர் நம்புகிற முகமாக இல்லை. மூக்கம்மா அதே கிளாஸை, அதே சோப்பால், அவர் கண் முன்னாலேயே கழுவி, அலசி, துடைத்து, அலமாரிப் பக்கமே போகாமல் நேராக பார்மேன் கையில் கொடுத்தாள்.

அவர் ஊற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் விழுங்காமலே நின்றார்.

"தேன் மாதிரி இருக்கு சார். ஒரு குறையும் இல்ல." கிளாஸை அவளிடமே நீட்டினார். "நீங்க சொல்லுங்க. உங்க மூக்கு என்ன சொல்லுது?"

குடிக்கமாட்டேன் தம்பி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள். கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, அவசரப்படாமல் இழுத்தாள்.

"பழுத்த பேரிக்காய். ஆரஞ்சுத் தோல். அதுக்குக் கீழ, புதுசா சீவின பென்சில்." இன்னொரு தடவை இழுத்தாள். "எதுவும் எதையும் அமுக்கல. ஒரே அடுப்படியில நாலு மருமக சண்டையில்லாம சமைக்கிற மாதிரி."

மேனேஜரே சிரித்துவிட்டார், ஆனால் தட்டுப் பேச்சை வாபஸ் வாங்கவில்லை. மூக்கம்மா ஆறே முக்காலுக்குள் அத்தனை கிளாஸையும் மறுபடி கழுவி, மேசையில் வாய் மேலே பார்க்க நிறுத்திவிட்டாள்.

வந்தவர்கள் ருசி பார்க்கும்போது அவள் கதவிடுக்கில் காதை வைத்திருந்தாள். பேரிக்காயைப் பலர் சொன்னார்கள். பென்சிலை ஒருவரும் சொல்லவில்லை. பார்மேன் சொன்ன பிறகு பன்னிரண்டு மூக்கும் திரும்பக் கிளாஸுக்குள் போயின. "ஆமா, பென்சில்தான்!" என்று ஒரு பெரியவர் மேசையைத் தட்டினார். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்க, எங்கள் கிளாஸ் பிரிவின் பொறுப்பாளர் என்றார் பார்மேன். அப்படி ஒரு பதவியே அந்த ஹோட்டலில் கிடையாது.

மறுநாள் அவள் கிளாஸ் தொட்டிக்கே போனாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் மேனேஜர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அலமாரியில் கிளாஸை எப்போது திரும்ப வைக்கலாம் என்று கேட்டார்.

மூக்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், அலமாரியின் ஒவ்வொரு பலகையாகக் குனிந்து முகர்ந்தாள்.

"பத்து நாள் கதவைத் திறந்தே போடுங்க. அப்புறம் நான் பாத்துச் சொல்றேன்."

பத்து நாளும் கதவு திறந்தே கிடந்தது.