ஆத்தாளிடம் பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்றொரு மாநிலம் இருப்பது தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கே தெரியும். என் தாய்மாமன் அங்கே இருந்தார். அவருடைய கடிதங்களை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். அந்த மாநிலம் வெள்ளைக்காரன் குடியேற்றமாக இருந்த காலத்திலேயே, அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்று சட்டம் போட்டார்களாம். "ஊருன்னா அப்படி இருக்கோணுமுங்க" என்பார் அப்பா. ஊருக்கு உபதேசம் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

எனக்கு எட்டு வயதானபோது, பனியன் கம்பெனியில் வேலை செய்த என் அத்தை, அப்பாவின் தங்கை, ஞாயிறுதோறும் கருமத்தம்பட்டி சர்ச்சுக்குப் போய்வருவது தெரிந்துவிட்டது. பங்காளிகள் கூடிவிட்டார்கள். அத்தை அசையவில்லை.

"பென்சில்வேனியாவுல ஆகும், நம்மூட்டுல ஆகாதுங்களாண்ணா?"

அப்பாவின் முகம் கறுத்தது. "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளைன்னா போ. செவப்புன்னா இனி அந்தப் பேச்சே ஆகாது."

"செரிங்கண்ணா. ஆத்தா மேல எனக்கொண்ணும் கோவமில்லீங்க."

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொட்டலங்களை அப்பாவே கட்டினார். எடுக்க வேண்டியவள் நான். அத்தைக்கு வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு. அத்தை வெளியே போனாள். எனக்கு அழுகை முட்டியது.

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட வேண்டும். அப்பா பங்காளிகளோடு பேசிக்கொண்டிருந்ததால் பூசாரி அதை என்னிடம் தந்தார். நான் தவறவிட்ட அந்த வெள்ளையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்போல இருந்தது. பிரித்தேன். அதிலும் சிவப்பு.

அப்பாடா என்றிருந்தது. தப்பு என் கையில் இல்லை. அத்தையிடம் ஓடினேன்.

"ஆத்தா ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க அத்தை."

அத்தை அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்தாள். "குடு கண்ணு" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு காலை அப்பா இட்லி தின்றுகொண்டிருந்தார். அத்தை தலை பின்னி வந்து, வாடிய செவ்வரளியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது கெணத்துல போடாம உட்டுப்போச்சுங்கண்ணா. நான் போயிட்டு வாரேனுங்க."

அப்பா தலை நிமிரவில்லை. அவள் பஸ் ஏறப் போனபோது தடுக்கவும் இல்லை.

நான்தான் நடுங்கினேன். ஆத்தா இரண்டு தடவை சொல்லியும் மீறுகிறாளே, சாமி கண்ணைக் குத்துமே என்று. மத்தியானம் அவள் திரும்பி வந்ததும் முதலில் அவள் கண்களைத்தான் பார்த்தேன். அப்பாவின் கண்களைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.