ஜெசிந்தா வழியனுப்ப வந்தாள்

டிசம்பரில் மகனைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தேன் அல்லவா... அங்கிருந்து ஒரு சனி, ஞாயிறு மட்டும் ரயிலேறி ஜெசிந்தா வீட்டுக்குப் போய்வந்தேன். அவள் இருக்கும் ஊரின் பெயரை எழுத ஆரம்பித்தால், எனக்குக் கொடுத்திருக்கும் இந்த அரைப் பக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். 'தெற்கே ஒரு சின்ன ஊர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா யார்? சேலையூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. கணவர் அருளுக்கு வேலை கிடைத்து ஜெர்மனி போகும்வரை அவள் வீட்டு மிக்ஸி என் வீட்டில் ஓடும், என் வீட்டு இட்லித் தட்டு அவள் வீட்டில் இருக்கும். என் வீட்டுக்காரரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். கேம்ப் ரோட்டில் அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்த வாரம் கேம்ப் ரோட்டில் நடந்துபோனவர்கள் எல்லாருக்கும் ஆயுசு கெட்டி.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். உங்களுக்குத் தெரியும், நிறையப் பேர் கடிதம் எழுதினீர்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கோ கணக்கே இல்லை. மேடவாக்கம் டிராஃபிக்கில் நின்று, நொந்து, வியர்த்து வந்து, சோபாவில் உட்கார்ந்து "எப்படிங்க ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். தண்ணி லாரி டிரைவர்கூட ஹோஸ் பைப்பை சம்ப்புக்குள் விட்டுவிட்டு வந்து விசாரித்தார். சொன்னதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஆனால் நம் ஊர் வழக்கம் அதுதானே? சாவுக்கு வரமுடியாதவர்கள், அதற்குப்பிறகு எப்போது பார்த்தாலும் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஜெசிந்தாவால் வரமுடியவில்லை. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று வந்தது. சரி, நேரில் பார்க்கும்போது கேட்பாள் என்று இருந்தேன். மார்கழிக்குத் தாம்பரத்திலேயே மங்கி கேப் போடுகிறவள் நான் — ஊர் சுற்றிப் பார்க்கவா மைனஸ் டிகிரியில் கிளம்புவேன்? 'அண்ணாவுக்கு என்னடி ஆச்சு' என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்கவேண்டும். அதற்குத்தான் போனேன்.

ஸ்டேஷனில் கட்டிப்பிடித்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று தொண்டையைத் தயார் செய்துகொண்டேன். ஜர்னி வசதியாக இருந்ததா, ஹீட்டர் வேலை செய்ததா என்று விசாரித்தாள். துக்கம் விசாரிக்கவில்லை. ஹீட்டரை விசாரித்தாள்!

வீட்டுக்குப் போனால் இரண்டு நாளுக்கும் டைம்டேபிள் தயார். முதலில் கோட்டை. பிறகு கிறிஸ்துமஸ் சந்தை. பிறகு கடிகார மியூசியம். நடுநடுவே வகுப்பு வேறு... சிக்னலில் சிவப்பு மனிதன் எரியும்போது ரோட்டைக் கடக்கக்கூடாது, கண்ணாடி பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடக்கூடாது, மாடிப்படியில் சத்தமாகப் பேசக்கூடாது. கோட்டையில் எந்த ராஜா எப்படிச் செத்தான் என்று விலாவாரியாக விளக்கினாள். முன்னே பின்னே தெரியாத ராஜாவின் சாவுக்கு இவ்வளவு அக்கறை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் பேச்சை நானாக எடுக்கவில்லை. நாமே எடுத்துச் சொன்னால் அது விசாரிப்பா?

ஞாயிறு காலை சர்ச். பாட்டுப் பாடும்போது எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. குளிர்காற்றுக்கு எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று ஜெசிந்தா ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். அருள் மட்டும் என்னைப் பார்த்தார், பிறகு ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான், இனி இவள் கேட்கமாட்டாள் என்று மனசு விட்டுப்போனது. என் வீட்டுக்காரரை அவள் மறந்தேபோய்விட்டாள். அருள் காரை ஓட்ட, ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ரயில் வந்தது. 'பேசக்கூடாத பெட்டி' என்று அந்த ஊர் ரயிலில் ஒன்று உண்டு, அதைப் பார்த்து மகன் புக் செய்திருந்தான். என் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள் ஜெசிந்தா.

தாம்பரத்தில் வழியனுப்பப் போனால் நாம் என்ன செய்வோம்? கூடவே ஏறி, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, தண்ணி பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, எதிர் சீட்டுக்காரரிடம் 'தனியாப் போறாங்க சார், கொஞ்சம் பார்த்துக்குங்க' என்று ஒப்படைத்து, வண்டி நகர ஆரம்பித்த பிறகுதானே இறங்குவோம்? இத்தனை வருஷம் சிவப்பு மனிதனுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவள் அத்தனையையும் வரிசை தப்பாமல் செய்தாள். எதிரே புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரரிடம் ஜெர்மன் மொழியிலேயே என்னை ஒப்படைத்தாள். மனிதர் மிரண்டுபோய்த் தலையாட்டினார்.

கதவு மூடிக்கொண்டது. அந்த ஊர் ரயில் நமக்காகத் தயங்கித் தயங்கி நகருமா? ஒரே இழுப்பு. ஜெசிந்தா ஓடிப்போய்க் கதவுப் பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே அருள் சிரித்தபடி கையாட்டினார் — தன் சொந்தப் பெண்டாட்டிக்கு டாட்டா காட்டுகிறோம் என்று தெரியாமல்! அடுத்த ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

திரும்பி வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா இருந்திருந்தா இந்நேரம் என்னை எவ்ளோ ஓட்டியிருப்பார்டி" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"இப்பதான் உனக்கு அண்ணா ஞாபகம் வந்துச்சா?"

"கேட்டா நீ அழுவேன்னு பயந்தேன்டி. இங்க யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களா சொன்னா கேட்டுக்கணும், நாமளா கிளறக்கூடாதுன்னு பழகிட்டேன். ரெண்டு நாளா வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கினேன்."

"நீ கேக்காததுதான்டி எனக்கு வலிச்சுது."

பேசக்கூடாத பெட்டியில் சேலையூர்ப் பெண்கள் இரண்டு பேர் ஓவென்று அழுதோம். என்னைப் பார்த்துக்கொள்வதாகத் தலையாட்டிய மனிதர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்கே போய்விட்டார். டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஜெசிந்தா மூக்கை உறிஞ்சியபடி ஏதோ சொன்னாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடும்படி கனிவாகச் சொல்லிவிட்டு, அவசரமாக நகர்ந்தார்.

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். காலையில் மழை, அவர் பேப்பர் எடுக்கப் போனது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ கிடைக்காதது... எல்லாம். எத்தனையோ பேருக்கு ஒப்பித்த கதைதான். இப்போதுதான் எனக்கே முதல் தடவையாகச் சொல்வதுபோல இருந்தது.

ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்தது. இறங்குடி, அருள் அங்கே தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார், மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

அசையவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவர் இருந்துக்குவார். நீ சொல்லு... அண்ணா கடைசியா என்ன சாப்பிட்டார்?"