ஸ்வெட்டர் கட்டங்களும் என் தேதிகளும்

எங்கள் ஹார்ட் டிரைவைக் கீழே போட்டது ஒரு குரங்கு. கொடைக்கானலில் இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை; மதுரையில்தான் சிரித்தார்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத தூறலுக்குப் பிறகு கொஞ்சம் வெயில் தலைகாட்டியது. அறையில் அடைந்திருந்த ஈரவாடை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தேன். மேசைமேல் கம்ப்யூட்டரோடு ஒயரில் மாட்டி ஓடிக்கொண்டிருந்த டிரைவை பிஸ்கட் பாக்கெட் என்று நினைத்ததோ என்னவோ, குரங்கு ஜன்னலுக்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூரை விளிம்பில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டு, வாசல் கல்படியில் போட்டது.

எடுத்துவந்து மாட்டினேன். உள்ளே நகத்தால் சுரண்டுவதுபோல டிக், டிக் என்று சத்தம். கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும்.

அதில் இருந்தவை இரண்டு. ஒன்று, இந்த ஊரைப் பற்றி நான் நாள் தவறாமல் எழுதிவந்த குறிப்புகள். ஏரி என்றைக்கு வழிந்தது, மேல்மலைப் பூண்டு என்றைக்குச் சந்தைக்கு இறங்கியது, எந்தக் கடை மூடி அந்த இடத்தில் எந்த ஹோட்டல் வந்தது என்பதெல்லாம். பழைய வெள்ளைக்காரப் பாதிரிமாரின் குறிப்புகளையும் கெஜட்டியர்களையும் படித்துப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. தேதி இல்லாத செய்தியை நான் வதந்தியாகவே கருதுவேன்.

இன்னொன்று, என் மனைவியின் ஸ்வெட்டர் டிசைன்கள். பின்னலின் ஒரு கண்ணிக்கு ஒரு கட்டம் என்று கட்டம் போட்ட தாளில் வரைவாள். அதைப் பார்த்துத்தான் பெருமாள்மலைப் பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடி பின்னித் தருவார்கள். ஏரிக்கரைக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் வடக்கேயிருந்து வரும் சரக்கு. ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் கைப்பின்னலுக்காகக் காத்திருப்பார். வரும் சீசனுக்கு அவர் கேட்டிருந்ததும் பழைய டிசைன்களைத்தான். கட்டம் கையில் வந்தால்தான் அந்தப் பெண்களுக்கு வேலை. தாள்களோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. இன்னொரு பிரதி வைக்கவில்லையா என்று கேட்காதவர் இல்லை. இன்னொரு டிரைவில் வைத்திருந்தேன், அது முந்தைய மழைக்காலத்து ஈரத்தில் செத்துவிட்டது.

குரங்கு போட்ட டிரைவை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் மதுரைக்கு இறங்கினோம். பழுது பார்ப்பவர், சின்ன வயதுக்காரர், காதருகே வைத்துக் கேட்டார்.

"எத்தன தடவ மாட்டிப் பாத்தீங்க சார்?"

"ரெண்டு தடவ இருக்கும்," என்றேன்.

"பத்துக்குக் கொறையாது தம்பி," என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குற தட்டுல கீறல் விழுந்துருக்கும்க்கா. ஒடஞ்ச ஊசிய வச்சுக்கிட்டு சார் ரெக்கார்டுல பாட்டுக் கேட்டுருக்காரு." இதே மாடலில் இன்னொரு டிரைவைத் தேடிப் பிடித்து, அதன் ஊசியைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும், அதுவும் கீறல்பட்ட தட்டில் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்றார். விட்டுவிட்டு ஊருக்கு ஏறினோம்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வத்தலக்குண்டு சாலையில் மண் சரிந்தது. பழனி சாலையில் மரம் விழுந்தது. கீழேயும் போக முடியாது, கீழேயிருந்தும் ஒன்றும் வராது. கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அடுப்படி ஜன்னல் மூலையில் மட்டும். கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மூலையில்தான், ஒரு மத்தியானம், மதுரையிலிருந்து பழுது பார்ப்பவர் கூப்பிட்டார்.

"சார், ஓடுது! ஃபோல்டர் பேரெல்லாம் தெரியுது. ஆனா என்ன சார் இது, பூராம் தேதியாவே கெடக்கு? எத மொதல்ல எடுக்கணும்? வெரசா சொல்லுங்க. நின்னுச்சுன்னா மறுபடி ஓடாது."

"மொதல்ல இருந்து வரிசையா..."

"அம்புட்டுக்கும் தாங்காது சார். வேணுங்குறத மட்டும் சொல்லுங்க."

"என் டிசைன் எந்த ஃபோல்டர்லங்க இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. அவள் வரைந்த அன்றைக்கே ஸ்கேன் செய்து, அந்தந்தத் தேதிக்குள் என் குறிப்போடு சேர்த்துப் போட்டிருந்தேன். எனக்கு அதுதான் ஒழுங்கு.

"தனியா ஒரு எடத்துல போடுங்கன்னு எத்தன வாட்டி சொல்லிருப்பேன்?"

"தேதி சொன்னா எடுத்துத் தர்றேன்னு சொன்னேன்ல?"

"தேதியெல்லாம் ஒங்களத் தவிர யாருக்குங்க ஞாபகம் இருக்கு?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். முதல் வருடங்களின் குறிப்புகளை மட்டுமாவது எடுக்கச் சொல்லலாம். அவை வேறு எங்கும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். வெளியே போய் யோசித்துவிட்டு வரலாம் என்றால் நகர்ந்தால் சிக்னல் போய்விடும்.

"மான் டிசைன் என்னைக்குப் போட்ட?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "பால் வண்டி வராம வரக்காப்பி குடிச்சோமே, அன்னைக்கு."

லாரி கவிழ்ந்து சாலை அடைபட்ட வியாழக்கிழமை அது. தேதியைச் சொன்னேன். மதுரையில் கீபோர்டைத் தட்டும் ஓசை கேட்டது.

"பைன் மரம்?"

"காட்டெருமை வாசல்ல வந்து படுத்துக்கிட்டு, நீங்க நடைக்குப் போக முடியாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"நான் எங்க தூக்கி வச்சேன்?"

"சார், சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. தேதி!"

சொன்னேன். இப்படியே போனது. ஊரடங்கில் போலீஸ் திருப்பி அனுப்பிய நாள், அவளுக்குக் கால் பிசகிய மறுநாள், கடையடைப்பு நாள். அவள் நடந்ததைச் சொல்ல, நான் தேதியாக்கிக் கீழே அனுப்பினேன். படகு டிசைனுக்கு மட்டும் இருவருக்கும் பிடி கிடைக்கவில்லை. "மழ பெஞ்சுச்சுங்க," என்றாள். அது போதவில்லை.

"சத்தம் மாறுது சார்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நின்னுபோச்சு."

சாலை திறந்த பிறகு அவர் எடுத்தவை ஒரு பென்டிரைவில் வந்தன. படகைத் தவிர அநேகமாக எல்லா டிசைனும் இருந்தது. மனைவி அச்செடுத்துக்கொண்டு அன்றைக்கே பெருமாள்மலைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

டிசைனோடு கூட அந்தந்த நாளின் என் குறிப்பும் வந்திருந்தது. ஊர்க்குறிப்பில் மிஞ்சியது அவ்வளவுதான். முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். வெளியே போக முடிகிற நாளில் அவள் தாளை எடுத்து உட்காரமாட்டாள். ஆகவே எல்லாம் அடைபட்ட நாட்கள். மண்சரிவு, பனிமூட்டம், காய்ச்சல், கடையடைப்பு, மறுபடி மண்சரிவு. ஏரி வழிந்த நாள் இல்லை, பேரிக்காய் சந்தைக்கு வந்த நாள் இல்லை. இதை மட்டும் படிக்கிறவர், இந்த ஊரில் ஒருநாளும் வெயில் அடித்ததில்லை, யாரும் வீட்டைவிட்டு இறங்கியதில்லை என்றுதான் முடிவுகட்டுவார். தேதிகள் மட்டும் சரியாக இருக்கின்றன.

இப்போது டிசைன்களுக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது. பெயர் அவள் வைத்தது, தேதி இல்லை. ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டோம். அதற்கு உள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்று நல்ல வெயில். குரங்கு வலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.