அக்காவின் மோதிரத்தில் சுற்றியிருந்த நூல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு நின்றவனுக்கு எழுத்தெல்லாம் எதற்கு என்று இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன். அந்தச் சிவப்பு நூல்தான் விடவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில், பேக்கிங் லைனில் எனக்கு எதிரே நிற்பவர் அந்த அக்கா. விரலில் மாமியாரின் நிச்சயதார்த்த மோதிரம். இப்போது விற்பவைபோல் வழவழவென்று இருக்காது. வெள்ளைக் கல்லைச் சின்னக் கொக்கிகள் உயரத் தூக்கிப் பிடித்திருக்கும். இருபுறமும் இலை செதுக்கியிருக்கும். அடிப்பக்கம் தேய்ந்து கம்பிபோல் மெலிந்திருக்கும். அதன் உள்பக்கம் மாமனார், மாமியார் பெயர்களின் முதலெழுத்துகள். அக்காவுக்கு அது தொளதொளவென்று இருந்ததால் அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். லைனில் நகை கூடாது. தினமும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போடுவார். அந்த நூலைப் பார்த்து நான் கிண்டலடிப்பேன்.

"இன்னாக்கா, மோதிரத்துக்கு அடிபட்டுச்சா? கட்டுப் போட்டுகினு கீது!"

"உனுக்கு நிச்சயம் ஆவட்டும்டா, அப்போ பேசிக்கிறேன்."

ஒருநாள் நூல் இல்லை. திருவள்ளூரில் ஒரு நகைக்கடையில் கொடுத்து, இரண்டு எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் வெட்டியெடுத்துச் சிறிதாக்கியிருந்தார். "இப்போ இன்னா சொல்லுவ?" என்று விரலை நீட்டினார். என் வாய்க்காகத்தான் செய்திருக்கிறார். ஆனால் சோப்பு போட்டால்தான் கழன்றது. நாலு நாளில் அலுத்துப்போய்க் கையுறைக்குள்ளேயே விட்டுவிட்டார். எனக்குத் தெரியும். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை.

உயர்ந்து நின்ற அந்தக் கல்தான் கையுறையோடு லைனில் ஓடும் சங்கிலியில் மாட்டியது. கையை இழுத்து எடுப்பதற்குள் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்தது. "வெட்டணும்மா, இல்லாங்காட்டி விரலு போயிடும்" என்றார் கம்பெனி நர்ஸ். வெட்ட இடம், இரண்டு எழுத்தும் இப்போது ஒட்டி நிற்கும் அந்த மெல்லிய அடிப்பக்கம் மட்டுமே.

"எழுத்துல படாம பாத்துக்கடா" என்று அக்கா என்னிடம் சொன்னார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர என்னால் என்ன முடியும்? கட்டர் சுற்றியது. பொன்தூள் என் கைமேல் உதிர்ந்தது. நூல் இருந்திருந்தால் அன்றும் மோதிரம் பையில்தான் இருந்திருக்கும்.

விரல் தப்பியது. அக்கா எளாவூரில் வீட்டில் இருக்கிறார். ஒட்டித் தருகிறேன் என்று நான்தான் மோதிரத்தை வாங்கிவந்தேன். "ஒட்டிடலாம் தம்பி. மாமியார் எழுத்து போனது போனதுதான். புதுசா வெட்டலாம், பழசு ஆவாது" என்றார் ஆசாரி. அதை எப்படிப் போய்ச் சொல்வது? இரண்டு வாரமாக அந்தப் பக்கமே போகவில்லை.

அக்கா தெருவில் இருக்கும் நண்பனுக்கு நேற்று மெசேஜ் போட்டேன்: மோதிரத்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று.

"மோதிரத்தக் கேக்கல மச்சி, நீ இன்னாத்துக்கு வரலன்னுதான் தெனம் கேட்டுகினு கீது."