ஜெய்னம்பு தொடாமல் பழக்கிய நாய்

குறிஞ்சிப்பிட்டி நாய்க் காப்பகத்தின் பதிவேட்டில், நாற்பத்தேழாம் இலக்கத்துக்கு எதிரே "திருப்பி ஒப்படைக்கப்பட்டது" என்று பொறுப்பாளர் பாக்கியம்மா டீச்சர் இரண்டாம் தடவையாக எழுதியபோது, சமையற்கட்டு வாசலில் நின்ற ஜெய்னம்பு, இன்னும் ஒரு தடவைதான் மிச்சம் என்று விரல் மடக்கினாள். மூன்று தடவை திரும்பி வரும் நாயைக் கொழும்புப் பக்கத்திலுள்ள பெரிய காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அங்கே நானூறு நாய்கள். சோற்றை அள்ளித் தொட்டியில் கொட்டுவார்கள். முண்டியடிப்பவனுக்கே வயிறு நிறையும். நாற்பத்தேழாம் இலக்கமாகிய கறுவாவோ கூப்பிட்டாலொழியச் சோற்றுக்கு எழும்பி வராது. அந்த மரியாதையை அதற்குப் பழக்கியவள் ஜெய்னம்புதான்.

2016ஆம் ஆண்டு அவளுக்கு நாற்பத்தைந்து வயது. வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990இல் எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தவள். முதலில் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கினாள். அடுத்து வேலை செய்த இறால் பண்ணை, இறாலுக்கு நோய் வந்து மூடப்பட்டது. பின்னர் ஒரு பாடசாலையில் மதிய உணவு சமைத்தாள். கறியில் உப்புக் கூட என்று அதிபர் மூன்று நாள் தொடர்ந்து சொன்னார், நான்காம் நாள் அவள் போகவில்லை. காப்பகத்தில் சமையல் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, சாப்பிடுகிறவர்கள் யார் என்பதை அவள் விசாரிக்கவில்லை. தெரிந்த பிறகும் விலகவில்லை. உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காத இடம் அதுவொன்றுதான்.

வேலைக்கு வந்த மூன்றாம் நாள், அப்போது குட்டியாக இருந்த கறுவா ஓடிவந்து அவளுடைய குதிகாலை நக்கிவிட்டது. மார்க்கப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அடிபம்பை அடித்து அடித்து ஏழையும் எண்ணி முடித்து, மறுபடி தொழுகைக்காக முகம் கைகால் கழுவி வுழூச் செய்து வந்தபோது மாலை அஸர் தொழுகை நேரம் கைநழுவப் பார்த்தது. மறுநாளே நீண்ட காம்புள்ள மர அகப்பை ஒன்றை வாங்கினாள். அகப்பைக் காம்பால் மணலில் கோடு கீறினாள். பானை விளிம்பில் ஒரு தட்டு என்றால் கோட்டுக்கு அப்பால் உட்கார். இரண்டு தட்டு என்றால் விலகி வழிவிடு. கூப்பிட்டால் வந்து சாப்பிடு. மற்ற நாய்கள் அவற்றின் கூடுகளுக்குள் குரைத்துக்கொண்டிருக்க, கறுவா மட்டும் ஏழே நாளில் இதைக் கற்றுத் தேறியது. கையால் ஒருபோதும் தொடப்படாத அந்த நாய், தானும் எவரையும் தொடாமல் வளர்ந்தது. எவர் நெருங்கினாலும் அகப்பைக் காம்பின் நீளத்துக்குப் பின்வாங்கி அமரும்.

இந்தத் தகைமையை உலகம் மதிக்கவில்லை. முதலில் கொண்டுபோனவர் கற்பிட்டிக் கடற்கரையில் ஹோட்டல் நடத்துபவர். வெள்ளைக்காரர் தடவக் கை நீட்டும்போதெல்லாம் கறுவா எழுந்து, அளந்தாற்போல் விலகி, மீண்டும் உட்கார்ந்தது. ஒரு பெண்மணி அழுதேவிட்டாராம். "விருந்தினரை அவமதிக்கிறது" என்பது ஹோட்டல்காரர் எழுதிக் கொடுத்த காரணம். இரண்டாமவர் எலுவன்குளத்து வயற்காரர்.

"யானைக்குக் குரைக்கும் எண்டுதான் கொண்டுபோனன் டீச்சர்," என்றார் அவர். "யானை வந்தது. இது எழும்பி வழிவிட்டுட்டு ஒரு ஓரமாக் குந்திச்சுது. மந்திரி வந்த மாதிரி!"

அவர் போனதும் ஜெய்னம்பு டீச்சரிடம் வந்தாள்.

"டீச்சர், இவன் அங்க போனா கூப்பிடுவாங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தே செத்திருவான்."

"அப்ப முண்டியடிக்கப் பழக்கு."

"ஒரு வருஷமா மரியாதை பழக்கினன். இனி மரியாதை கெட்டவனாக்கவா?"

ஆனாலும் முயன்று பார்த்தாள். ஒரு கிழமை, ஏழு நாளும், சோற்றுக் கோப்பையைக் காட்டி, "பாய்டா, பறிடா!" என்று கத்தினாள். அவளுக்குச் சுகமில்லையோ என்பதுபோல் கறுவா தலையைச் சாய்த்துப் பார்த்தது.

அந்தக் கிழமையின் முடிவில் பள்ளிவாசல்துறையிலிருந்து நெய்னார் வந்தார். கடற்கரையில் மீன் உலர்த்தும் கருவாட்டு வாடி வைத்திருப்பவர். தெருநாயொன்று ஒரு கட்டா மீனில் வாய் வைத்ததற்காக, அவருடைய மனைவி றஹ்மத் உம்மா ஒரு பாய் நிறையக் காய்ந்த மீனைக் கடலில் கொட்டிவிட்டாள். காவலுக்கு நாய் வைப்பதில் குற்றமில்லை என்று நெய்னார் பள்ளிவாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கறுவாவை ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலேயே நெய்னாரிடமிருந்து தொலைபேசி.

"தங்கச்சி, இது நாயா, வந்த விருந்தாளியா? காகம் கொத்துது, பாத்துக்கொண்டு இரிக்கி. என்ட வீட்டுக்காரி அதைவிட. ஒரு நாயைக் கலைக்க இன்னொரு நாயா எண்டு காலம்பற இருந்து ஒரே கதை. பின்னேரம் கொண்டந்து விடுறன்."

ஜெய்னம்பு சோற்றைப் பாதி வேக்காட்டில் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, அகப்பையோடு பஸ் ஏறினாள்.

வாடியில் நாலு பாய்களில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. கறுவா தொலைவில் அமர்ந்திருந்தது. றஹ்மத் உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"வாங்க. உங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க."

"ராத்தா, இவன்ட வாய் ஒண்டிலயும் படாது. அதையாவது பாத்துட்டுச் சொல்லுங்க."

"நாய்ட வாய் படாதாம்! பூனை நோன்பு பிடிக்குதாமா?"

ஜெய்னம்பு அகப்பையைத் திருப்பிப் பிடித்தாள். நாலு பாய்களையும் சுற்றி மணலில் கோடு கீறினாள். கறுவா மீனைத் தொடாது என்று காட்டுவதற்கு அப்பால் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அங்கே கிடந்த வாளியின் விளிம்பில் அகப்பையால் ஒரு தட்டுத் தட்டினாள். கறுவா வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தது. மூக்குக்கு முன்னால் மீன். அது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்," என்றாள் றஹ்மத் உம்மா.

அந்த நேரத்தில்தான் வேலியை நெம்பிக்கொண்டு செம்பட்டை நிறத் தெருநாயொன்று நுழைந்து, நேரே பாயை நோக்கிப் போனது. அதன் முன்கால் கோட்டைத் தாண்டியதும் கறுவா எழுந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. விதியை அறியாத ஒருவனுக்கு விதியை எடுத்துச் சொல்லும் அலுவலரைப்போல நெஞ்சை நிமிர்த்தி அதன் முகத்துக்கு நேரே போய் நின்றது. உள்ளிருந்து ஒரு உறுமல். செம்பட்டை ஓரடி பின்வைத்தது. பிறகு இன்னோரடி. கோட்டுக்கு வெளியே போனதும் கறுவா மறுபடி உட்கார்ந்தது. ஜெய்னம்பு வாயைப் பிளந்தபடி நின்றாள். இதை அவள் பழக்கவில்லை.

"ஆ! ஆம்பிளை!" என்று நெய்னார் கைதட்டி, ஒரு மீனைப் புரட்டிப் போடச் செருப்போடு பாய்ப்பக்கம் நடந்தார்.

கறுவா எழுந்தது.

"டேய், நான்டா!"

கறுவா அவரையும் தொடவில்லை. முகத்துக்கு நேரே நின்று, அங்குலம் அங்குலமாக அவரைப் பின்னால் நடத்திக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. கை வீசினார், பலனில்லை. சாரனைத் தூக்கிக்கொண்டு மறுபக்கத்தால் சுற்றி வந்தார். அங்கேயும் அது காத்திருந்தது.

"என்ட வாடிக்குள்ள போக எனக்குத் தடையா? வேணாம் தங்கச்சி, இப்பவே கொண்டுபோங்க!"

ஜெய்னம்புவின் கண்முன் நானூறு நாய்களும் ஒரு தொட்டியும் வந்து நின்றன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் றஹ்மத் உம்மா சிரிக்கத் தொடங்கியிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இருபத்தாறு வருஷமா சொல்றன், செருப்போட பாய்க்குள்ள போகாதீங்க எண்டு. கேட்டீங்களா? இப்ப கேக்கிறீங்க!" பிறகு ஜெய்னம்புவின் பக்கம் திரும்பினாள். "நான் உள்ள போறதெண்டா?"

"இதால ரெண்டு தட்டு, ராத்தா. ஆரு தட்டினாலும் விலகுவான்."

றஹ்மத் உம்மா அகப்பையை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினாள். கறுவா ஒதுங்கி உட்கார்ந்தது. வெறுங்காலோடு உள்ளே போய் மீன்களைப் புரட்டினாள். அவளுடைய சேலை விளிம்பிலிருந்து நாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். வெளியே வந்ததும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இவர் நிக்கட்டும்," என்றாள், அகப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

"அப்ப காகம்?" என்றார் நெய்னார்.

"காகத்துக்கு நீங்க இரிக்கிறீங்கதானே."

இரண்டரை மணி பஸ்ஸுக்கு ஜெய்னம்பு புறப்பட்டபோது, நெய்னார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே நின்று, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சே! ஒருக்கா வந்து தட்டிவிடுங்களன்!"

"தேத்தண்ணி கொதிக்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நில்லுங்க, வாரன்."